ஓடுவது மிளகு, வியர்ப்பது எனக்கு: வாசகர் கேள்வி பதில்

நாய்களோடு ஓடும் தடையோட்டம், அதாவது அஜிலிட்டி, பற்றி வாசகர்கள் கேட்கலாம் என்று ஆசிரியர் அறிவித்தாலும் அறிவித்தார், வந்த கடிதங்களை ஒரு மஞ்சப் பையில் போட்டு பள்ளத்தூருக்கு அனுப்பிவிட்டார். நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்றும் பி.டி. டீச்சர்தான். மிளகு என்னோடு ஓடும் நாய். கறுப்பு, நடுத்தர உயரம், தகப்பன் யாரென்று தெரியாது. ஜாதகப் பொருத்தம் கேட்டு எப்படியோ இந்தப் பைக்குள் வந்துவிட்ட கடிதத்தை ஆசிரியருக்கே திருப்பிவிட்டேன். மற்றவற்றில் சில இங்கே.

அஜிலிட்டி என்கிறீர்களே, குடியரசு தினத்தில் போலீஸ் நாய்கள் நெருப்பு வளையம் தாண்டுமே, அதுதானே?
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தேவகோட்டை

இல்லை ஐயா. நெருப்பும் கிடையாது, திருடனைக் கவ்வுவதும் கிடையாது. 1978-ல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி நடந்தது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டம் எழுந்து போய்விடாமல் இருக்க ஏதாவது காட்ட வேண்டும். குழுவில் இருந்த ஜான் வார்லி, குதிரைகள் தடை தாண்டும் போட்டியையே நாய்களை வைத்துச் செய்தால் என்ன என்று யோசித்தார். பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளர் தடைகளை அமைத்துக் கொடுத்தார். இடைவேளைக்குப் போட்ட நிகழ்ச்சி மக்களுக்குப் பிடித்துப்போனது. 1980-ல் அந்த நாட்டு நாய் வளர்ப்புச் சங்கமான கென்னல் கிளப் அதை முறையான போட்டியாகவே ஏற்றுக்கொண்டது.

ஆட்டம் இதுதான். தாண்டும் குச்சிகள், நுழைந்து வரும் குழாய், ஏறி இறங்கும் கூரைப் பலகை, உயரமான நடைப்பலகை, சீசா போலச் சாயும் ஏற்றப்பலகை, வளைந்து வளைந்து போகும் கம்பு வரிசை எல்லாவற்றையும் நடுவர் தன் இஷ்டப்படி பரப்பி, எண் அட்டை வைப்பார். அந்த வரிசையில்தான் நாய் போக வேண்டும். குச்சி விழுந்தால் 5 புள்ளி போச்சு. தடை முன்னால் நின்று தயங்கினாலும் 5. உலக அமைப்பான எஃப்.சி.ஐ. விதிப்படி மூன்றாவது தயக்கத்தில் வெளியே. வரிசை மாறித் தாண்டினால் அப்போதே வெளியே. தவறு குறைந்தவர் முன்னால். அதில் சமமென்றால் நேரம் குறைந்தவர்.

நாய்க்கு எண் படிக்கத் தெரியாது. போட்டி தொடங்கும்வரை அந்தத் தடத்தை அது பார்த்திருக்கவும் செய்யாது. நாயை வெளியே விட்டுவிட்டு, ஓட்டுபவர்கள் மட்டும் சில நிமிடம் உள்ளே நடந்து மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஆக, இது பாதி உங்கள் பரீட்சை. நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது, கையில் பிஸ்கட் வைத்துக்கொள்ளக் கூடாது. பிறகு எதை வைத்து ஓட்டுவது? கீழே கோட்டையூர்த் தம்பியின் கடிதத்தில் சொல்கிறேன்.

எங்களுடையது பழைய வீடு. வளவைச் சுற்றித் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பத்து மாத லாப்ரடார் இருக்கிறான். வெயிலில் அலையாமல் வீட்டுக்குள்ளேயே குச்சி கட்டித் தாண்டப் பழக்கலாமா? தூண்களுக்கு நடுவே வளைந்து ஓடவிட்டால் கம்பு வரிசையும் பழகிவிடுமே?
இல்லத்தரசி, கானாடுகாத்தான்

தூண் யோசனையை ரசித்தேன் அம்மா. ஆனால் போட்டியில் கம்புக்கும் கம்புக்கும் இடைவெளி 60 செ.மீ.தான். முதல் கம்பு நாயின் இடது தோள் பக்கம் வரும்படி நுழைந்து, ஒன்றைக்கூட விடாமல் 12 கம்பு வரை முதுகை வளைத்து வளைத்துப் போக வேண்டும். உங்கள் தூண்களுக்கு நடுவே ஒரு கட்டிலே போடலாம். அதில் ஓடினால் தூணைச் சுற்றி விளையாடப் பழகுவான், அவ்வளவுதான்.

தரைதான் எனக்குக் கவலை. ஆத்தங்குடிக் கல் நம் வெறுங்காலுக்குச் சுகம். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து மினுக்கி வைத்திருப்பீர்கள் வேறு. நாய் தாண்டி இறங்கும்போது மொத்த எடையும் முதலில் முன்னங்கால் இரண்டில் விழும். அந்த நேரத்தில் கால் வழுக்கினால் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் பக்கவாட்டில் விரியும். பின்னங்கால் சறுக்கினால் இடுப்பு. லாப்ரடார் இனத்துக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை பரம்பரையாகவே வரக்கூடியது. தாண்டப் பழக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டி இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் வயது. நீள எலும்புகளின் நுனியில் வளரும் பகுதி குருத்தாகத்தான் இருக்கும். பெரிய இன நாய்களில் அது முழுக்க எலும்பாக இறுக ஒன்றரை வயதுகூட ஆகும். எஃப்.சி.ஐ. போட்டியில் 18 மாதம் நிரம்பாத நாயைச் சேர்ப்பதே இல்லை. பத்து மாதத்துப் பிள்ளைக்கு இப்போது உயரம் வேண்டாம். குச்சியைத் தரையிலேயே படுக்க வையுங்கள், ஒவ்வொன்றையும் பார்த்துக் காலெடுத்து வைத்து நடக்கட்டும். நேரான குழாயில் நுழைந்து வரட்டும். கூப்பிட்டால் வரவும், உட்கார் என்றால் நீங்கள் பத்தடி தள்ளிப் போகும்வரை உட்காரவும் பழக்குங்கள். இதற்கே ஆறு மாதம் போய்விடும்.

இடத்துக்கு உங்கள் கொல்லையே போதும், செம்மண்ணாக இருந்தால். செம்புராங்கல் தலைநீட்டும் இடமும், வெடித்துக் காய்ந்த ஊருணித் தரையும் ஆகாது, வெடிப்புக்குள் விரல் மாட்டும். முதல் நாள் நீங்கள் வெறுங்காலோடு ஒரு சுற்று நடங்கள், நெருஞ்சி முள் எங்கே இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிட வேண்டும். மாலையில் தரை ஆறிவிட்டதா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் நிதானமாக ஐந்து எண்ணும்வரை வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் இல்லை.

மஞ்சுவிரட்டு நடக்கும் மண்ணில் நாயைக் குச்சி தாண்ட வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வேறு வேலையில்லையா?
பெயர் வேண்டாதவர், சிராவயல் பக்கம்

இல்லை ஐயா. ஓய்வு பெற்றுவிட்டேன் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

வீட்டில் சொன்னதெல்லாம் கேட்கிறாள். மூன்று தடையை வரிசையாக வைத்தால் இரண்டாவது முடிந்ததும் நான் ‘இடது, இடது’ என்று கத்தினாலும் நேராகவே போகிறாள். காது கேட்கவில்லையா, திமிரா?
பொறியியல் மாணவன், கோட்டையூர்

தம்பி, நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். உன் நாய் சொன்னபடிதான் கேட்டிருக்கிறாள், வாய் சொன்னபடி அல்ல, பாதம் சொன்னபடி. ‘இடது’ என்று கத்தும்போது உன் இரண்டு கால் நுனியும் நேராக இருக்கின்றன. தோளும் நேராக. கை மட்டும் இடப்பக்கம் வீசுகிறது, அதுவும் அவள் குச்சிக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்போது. காற்றில் இருக்கும் நாய் எப்படித் திரும்பும்? எங்கே இறங்கப் போகிறோம், எந்தக் காலைத் தரையில் முதலில் ஊன்றப் போகிறோம் என்பதை அவள் எழும்புவதற்கு முன்பே தீர்மானித்துவிடுகிறாள். அதற்கு முன்பே நீ திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். தாண்டியபின் வரும் சைகை அடுத்த தடைக்குத்தான் உதவும்.

நாய்களுக்கு நம் உடம்பைப் படிப்பது இயல்பு, சொல்லைப் படிப்பது பழக்கம். இரண்டும் மோதினால் உடம்புதான் ஜெயிக்கும். பள்ளியில் தடையோட்டத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கியபோது நான் ஓடும் பிள்ளையின் காலைப் பார்ப்பேன். இங்கே ஓட்டுபவரின் காலைப் பார்க்கிறேன், நாயை அப்புறம்தான்.

ஒரு வாரம் உன் நாய்க்கு லீவு விடு. மொட்டை மாடியில் சாக்பீஸால் 1, 2, 3 என்று தடைகளைக் கோடு போட்டுக்கொள். அவள் ஓடும் பாதையை ஒரு வண்ணத்தில் வரை, உன் பாதையை வேறு வண்ணத்தில். அவள் பாதை வெளி வளைவு, உன்னுடையது உள் வளைவு, அதனால்தான் நாலு கால் வேகத்துக்கு இரண்டு காலால் ஈடு கொடுக்க முடிகிறது. இப்போது நாய் இல்லாமல் நட. இரண்டாவது தடைக்கு அவள் இன்னும் இரண்டு எட்டுத் தூரத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடியே அவளுக்கு முன்னால் திரும்பு. வலது கை கீழே போய் இடது கை வர வேண்டும். திரும்பி முடிக்கும்போது உன் கால் நுனி மூன்றாம் தடையைப் பார்த்து நிற்க வேண்டும். நின்ற இடத்தில் சாக்பீஸால் உன் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பார். முதலில் பாதம் எங்கேயோ பார்க்கும். எதிர்வீட்டுக்காரர்கள் உனக்குப் பேய் பிடித்துவிட்டதா என்று கேட்பார்கள். எங்கள் தெருவில் கேட்டார்கள்.

அது சரியானபின் நாயைக் கூட்டி வா. போனைத் தரையோடு ஒட்டி வைத்து, வேகம் குறைத்துப் படம் எடு. முகம் தெரிய வேண்டாம், முழங்காலுக்குக் கீழே தெரிந்தால் போதும். அவள் தப்பாகப் போனால் திட்டாதே. திட்டினால் அடுத்த முறை தடைக்கு முன்னால் நின்று உன் முகத்தைப் பார்ப்பாள், அது தயக்கம், 5 புள்ளி.

எங்கள் சிப்பிப்பாறை முயலைவிட வேகம். ஆனால் அவிழ்த்துவிட்டால் கண்மாய்க்கரை வரை போய்த்தான் திரும்புகிறது. இதை வைத்து மெடல் வாங்க முடியுமா? என் மைத்துனரிடம் ராஜபாளையம் ஒன்று இருக்கிறது, அதற்குக் காது கேட்காது. அதை விட்டுவிட வேண்டியதுதானா?
விவசாயி, புதுவயல்

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள். நேர்கோட்டில் ஓடும் வேகம் அவற்றின் பிறவிச் சொத்து. அஜிலிட்டியில் அந்த வேகத்துக்குப் பாதி வேலைதான். பத்தடிக்கு ஒருமுறை திரும்ப வேண்டும், சுருங்க வேண்டும், இறங்கி மறுபடி எழும்ப வேண்டும். பார்டர் கோலி போன்ற மேய்ப்பு நாய்கள் உலக மேடைகளில் முன்னால் நிற்பதற்குக் காரணம், மேய்ப்பவனின் அசைவைப் பார்த்துக்கொண்டே ஓடுவது அவற்றின் ரத்தத்தில் இருப்பது. நம் வேட்டை நாய் முயலைத்தான் பார்க்கும், உங்களை அல்ல.

அதனால் முடியாது என்று சொல்லவில்லை. விரட்டும் ஆசையை நீங்கள் குத்தகைக்கு எடுக்க வேண்டும். நீளக் கயிற்றில் ஒரு பழைய துணி முடிச்சைக் கட்டித் தரையோடு இழுத்து ஓடுங்கள். தடையைத் தாண்டினால்தான் அந்த முடிச்சு ஓடும் என்று அதற்குப் புரிய வேண்டும். வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்துவிடாதீர்கள், ரோட்டுக்கு ஓடினால் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது. கூப்பிட்டால் வருவது நூற்றுக்கு நூறு ஆகும்வரை தடைப் பக்கமே போக வேண்டாம். மெடல் பேச்சு அதற்கப்புறம்.

ராஜபாளையத்தை ஏன் விட வேண்டும்? உடம்பு முழுக்க வெள்ளையாக, மூக்கு ரோஜா நிறமாக உள்ள நாய்களில் பிறவியிலேயே காது கேளாமை வருவதுண்டு. மேலே கோட்டையூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்: இந்த ஆட்டம் ஓடுவதே உடம்பு மொழியில். ‘நன்று’ என்பதற்கு ஒரு கைச்சைகை, ‘என்னைப் பார்’ என்பதற்கு ஒன்று. தூங்கும்போது பின்னால் போய்த் தொட்டுத் திடுக்கிட வைக்காதீர்கள். இனப்பெருக்கத்துக்கு மட்டும் அதை விட வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லுங்கள்.

தடைச் சாமான்கள் வெளிநாட்டில் வாங்கினால் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. இங்கேயே செய்துகொள்ளலாமா?
மளிகைக் கடைக்காரர், காரைக்குடி

தாராளமாக. கம்பு வரிசைக்குக் குழாய்க் கடையில் ஒன்றேகால் இஞ்ச் பி.வி.சி. பைப் வாங்கி ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, வெல்டிங் பட்டறையில் தட்டையான இரும்புப் பட்டையில் 60 செ.மீ.க்கு ஒரு முளை வைத்துத் தரச் சொல்லுங்கள். தாண்டும் குச்சியும் பைப்தான். ஆனால் தாங்கிகளில் கட்டவோ ஆணி அடிக்கவோ கூடாது, நாயின் கால் பட்டால் விழ வேண்டும். விழாத குச்சி நாயை விழ வைக்கும்.

நடைப்பலகைக்கு மூன்று பலகை: 30 செ.மீ. அகலம், ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் நீளம். போட்டியில் உயரம் 1.2 மீட்டர் இருக்கும், நீங்கள் ஒரு சாண் உயரத்தில் தொடங்குங்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் கடைகளில் தேக்குப் பலகை கிடைக்கும், உறுதிக்குக் குறையே இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கைபட்டு மழமழவென்று இருக்கும். பெயின்ட் அடித்து, ஈரம் காய்வதற்குள் சலித்த ஆற்று மணலைத் தூவி, மேலே இன்னொரு கோட் அடியுங்கள். உள்ளங்கையால் தடவினால் சொரசொரக்க வேண்டும், கீறக் கூடாது. இரண்டு முனையிலும் 90 செ.மீ. மட்டும் மஞ்சள். நாய் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த மஞ்சளில் ஒரு பாதமாவது பட்டாக வேண்டும். பலகையின் நடுவிலிருந்தே குதித்துக் காலை ஒடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த விதி. மிளகுக்கு நான் பழக்கியது, இறங்கும் முனையில் பின்னங்கால் இரண்டும் பலகையிலும் முன்னங்கால் இரண்டும் தரையிலுமாக நிற்பது. மூக்குக்கு நேர் கீழே தரையில் தின்பண்டத்தை வைத்தால் தலை குனியும், பாரம் பின்னுக்குப் போகும். உங்கள் கையிலிருந்து கொடுத்தால் தலை தூக்கும், குதிக்கத் தோன்றும்.

குழாய் மட்டும் நாய்க்கென்றே விற்பதை வாங்குங்கள், 60 செ.மீ. விட்டம். சிமென்ட் உறை வேண்டாம், உள்ளே தோல் உராயும், வெயிலில் கொதிக்கும்.

என்னிடம் இருப்பது தெருவில் எடுத்து வளர்த்த நாய், டீச்சர். சர்ட்டிபிகேட் கிடையாது. போட்டியில் சேர்ப்பார்களா?
பிளஸ் டூ மாணவி, திருப்பத்தூர்

நடத்துபவரைப் பொறுத்தது, கண்ணு. நம் நாட்டின் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவுக்குச் சென்னைதான் தலைமையிடம். அதைச் சேர்ந்த சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளில் பதிவுச் சான்றிதழ் பார்ப்பார்கள். கண்காட்சி என்பது அழகும் இன லட்சணமும் பார்ப்பது, அங்கே கேட்பதில் அர்த்தம் உண்டு. ஓட்டத்துக்கு எதற்கு வம்சாவளி என்பது என் கட்சி. அமெரிக்காவின் கென்னல் கிளப்பே 2010-லிருந்து கலப்பு நாய்களைத் தடையோட்டத்தில் சேர்க்கிறது. எஃப்.சி.ஐ.யின் உலகப் போட்டிக்கு வம்சாவளி வேண்டும். வேர்ல்ட் அஜிலிட்டி ஓப்பன் என்ற இன்னொரு உலகப் போட்டிக்கு வேண்டாம். மிளகைக் கூட்டிக்கொண்டு ஓரிடத்துக்குப் போனபோது (பெயர் வேண்டாம்) பணம் கட்டிய பிறகு, ‘இது என்ன ஜாதி’ என்று கேட்டு வெளியே நிற்கவைத்தார்கள். ஆகவே பணம் கட்டும் முன் போன் செய்து கேள், பதிலை எழுத்தில் வாங்கு. வெறிநாய்த் தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்திரு. உயரத்தையும் அளந்துகொள்: தோள்பட்டை உச்சி வரை 35 செ.மீ.க்குள் சின்னது, 43 வரை நடுத்தரம், 48 வரை இடைப்பட்டது, அதற்கு மேல் பெரியது. குச்சியின் உயரம் அதன்படிதான்.

சென்னையில் போட்டி. காரைக்குடியிலிருந்து எப்படிக் கூட்டிப் போவது? அந்த வெயிலை நாய் தாங்குமா?
தையற்கடை வைத்திருப்பவர், தேவகோட்டை

ரயிலில் நாயை நம்மோடு வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் தனி அறையாகக் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில்தான் விடச் சொல்வார்கள். போட்டிக்குப் போகும் நாயை நான் அப்படி அனுப்ப மாட்டேன். நாலு பேர் சேர்ந்து கார் பிடியுங்கள், ராத்திரிப் பயணமாக. வழியில் மூன்று மணிக்கு ஒருமுறை இறக்கி நடக்கவிடுங்கள். வண்டியைப் பூட்டி நாயை உள்ளே விட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், கண்ணாடியை இறக்கி வைத்தாலும் சரி.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நாக்கு அகலமாகித் தொங்குவது, எச்சில் கெட்டியாகக் கயிறு திரிப்பது, ஈறு செங்கல் நிறமாவது, பின்னங்கால் தள்ளாடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓட்டத்தை நிறுத்துங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனையத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். முதலில் குளிர வைத்துவிட்டு அப்புறம்தான் மருத்துவரிடம் ஓட்டம். நாயின் சாதாரணச் சூடே 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. போட்டியன்று காலையில் வயிறு நிறையச் சோறு போடாதீர்கள். உங்கள் முறை வர இன்னும் முப்பது நாய் இருக்கிறது என்றால் வரிசையில் நிற்க வேண்டாம், மரத்தடியில் இருங்கள். முறை நெருங்கும்போது பத்து நிமிடம் நடத்தி உடம்பைச் சூடேற்றினால் போதும்.

எனக்கு 62 வயது, முட்டிவலி. பேத்தி விட்டுப்போன காக்கர் ஸ்பானியல் சோபாவையே தாண்டித் தாண்டி விளையாடுகிறது. நான் ஓட முடியுமா, டீச்சர்?
ஆச்சி, நாட்டரசன்கோட்டை

ஓடத் தேவையில்லை ஆச்சி. நாயை முன்னால் அனுப்பிவிட்டு நடுவில் நின்றே ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதற்குப் பயிற்சி கூட வேண்டும், அவ்வளவுதான். குழாய்க்கு அந்தப் பக்கம் ஒரு கிண்ணத்தில் தின்பண்டம் வையுங்கள். இந்தப் பக்கம் நின்று ‘போ’ என்று அனுப்புங்கள். தினம் அரை அடி நீங்கள் பின்னுக்கு வாருங்கள், கிண்ணம் அங்கேயே இருக்கட்டும். அடுத்து தரையில் வைத்த ஒரு குச்சி, அப்புறம் இரண்டு. ஸ்பானியலுக்குக் காது தொங்குவதால் உள்ளே ஈரம் தங்கிப் புண்ணாகும், குளிப்பாட்டிய நாளெல்லாம் துடைத்துவிடுங்கள். சோபாவைத் தாண்டுவதை இன்றே நிறுத்துங்கள், இறங்குமிடம் ஆத்தங்குடிக் கல்லாகத்தான் இருக்கும். கொல்லைக்குப் போகும்போது வார் செருப்பு வேண்டாம் ஆச்சி, கடையில் கேட்டு ஒரு கான்வாஸ் ஷூ வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.